ஓய்வு நாளும் சாப்பாட்டுக் கடையும்

 

பசித்தவன் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைகிறான், உண்கிறான், காசைக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறான். இதில் மார்க்க விவாதத்துக்கு என்ன இடம் என்று நம்மில் பலர் கேட்கலாம். தட்டில் இருப்பது ஹலாலா, ஹராமா என்பதே நாம் அறிந்த விவாதம். ஆனால் தட்டில் இருப்பது முற்றிலும் ஆகுமான உணவாகவே இருந்தும், "இதைச் சமைத்தவன் எந்த நாளில் சமைத்தான்? பரிமாறியவன் எந்த நாளில் பரிமாறினான்?" என்று கேட்டு, அந்த ஒரே காரணத்தால் உண்ணலாமா, கூடாதா என்று நெடுங்காலமாக வாதிட்டு வரும் மக்கள் இவ்வுலகில் உண்டு. யூதர்களும் கிறிஸ்தவர்களில் சில பிரிவினரும்தான் அவர்கள். விவாதத்துக்கு உரிய நாள் அவர்களுடைய சபாத் என்னும் ஓய்வு நாள்.

நமக்குச் சபாத் இல்லை. பிறருடைய மார்க்கச் சட்டத்தில் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. சபாத்தைப் பற்றிக் கருத்து வேற்றுமை கொண்டோருக்கிடையில் மறுமை நாளில் இறைவனே தீர்ப்பளிப்பான் என்று திருக்குர்ஆன் 16ஆம் அத்தியாயம் கூறுகிறது. அப்படியிருக்க இதை ஏன் எழுத வேண்டும்? அந்த விவாதத்தின் அடியில் கிடக்கும் கேள்வி நம் கடை வாசலிலும் வந்து நிற்கிறது. "நான் ஓய்வாக இருக்க வேண்டிய நேரத்தில் எனக்காக இன்னொருவன் உழைக்கலாமா?" என்பதே அது. கடை வைத்திருப்பவனும் கடையில் வேலை செய்பவனும் இதைக் கேட்காமல் தப்ப முடியாது.

சபாத் என்றால் என்ன?

வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தது முதல் சனிக்கிழமை மாலை வரை யூதர்களுடைய சபாத் நாளாகும். கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமையைத் தங்கள் வணக்க நாளாகக் கொண்டனர். 321ஆம் ஆண்டில் ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டண்டைன், ஞாயிறன்று நகரத்தாரும் கைத்தொழிலாளரும் வேலையை நிறுத்த வேண்டும் என்று ஆணையிட்டார். பயிர்த்தொழில் செய்வோருக்கு மட்டும் விலக்களித்தார். பிற்காலத்தில், சனிக்கிழமையே உண்மையான ஓய்வு நாள் என்று வாதித்த கிறிஸ்தவர் சிலர் அமெரிக்காவில் 1863இல் ஏழாம் நாள் அட்வெண்டிஸ்டு சபையாக அமைந்தனர். பினாங்கு பர்மா ரோட்டில் 1924இல் தொடங்கப்பட்ட அட்வெண்டிஸ்டு மருத்துவமனையை அறியாத வியாபாரி அவ்வூரில் இருக்கமாட்டார். அது இச்சபையாருடையது.

சிங்கப்பூர் வாசிகளுக்கு யூதர்களும் அந்நியரல்லர். பென்கூலன் தெருவில் நம்மவர் தொழும் பள்ளிவாசல் இருக்கிறது. அதற்கு அடுத்த வாட்டர்லூ தெருவில் 1878இல் கட்டப்பட்ட மகைன் அபோத் என்னும் யூத தேவாலயம் இன்றும் நிற்கிறது. அதை எழுப்பியவர்கள் பெரும்பாலும் பாக்தாத் வழிவந்த வணிகர்கள். நம் முன்னோரைப் போலவே கப்பலேறி வந்து, கடை வைத்து, கணக்கெழுதிப் பிழைத்தவர்கள்.

மூஸா (அலை) அவர்களின் சமுதாயத்தார் ஓதும் வேதத்தில் சபாத் கட்டளை இரண்டு இடங்களில் வருகிறது. யாத்திராகமத்தில், இறைவன் ஆறு நாட்களில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தான் என்பது அதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. இதை நாம் ஏற்பதில்லை. படைப்பினால் தன்னைக் களைப்பு எதுவும் தீண்டவில்லை என்று அல்லாஹ் 50ஆம் அத்தியாயத்தில் தெளிவுபடுத்திவிட்டான். உபாகமத்திலோ வேறு காரணம் வருகிறது. "நீயும் மிஸ்ரு நாட்டில் அடிமையாய் இருந்தாய், அதை நினைவில் வை" என்பது அதன் கருத்து. வீட்டுத் தலைவன் மட்டும் ஓய்ந்தால் போதாது. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை, வாசலுக்குள் தங்கிய அந்நியன் ஆகிய அனைவருக்கும் அந்த ஓய்வு சேர வேண்டும் என்று அங்கே எண்ணிச் சொல்லப்பட்டிருக்கிறது.

சகோதரர்களே, இந்தப் பட்டியலைக் கவனியுங்கள். முதலாளியின் பெயரோடு அது முடிந்துவிடவில்லை. பேச வாயில்லாத எருது வரை போகிறது. விவாதம் முழுவதும் இந்தப் பட்டியலிலிருந்தே பிறக்கிறது.

அடுப்பு மூட்டாத நாள்

சபாத்தில் செய்யக்கூடாத வேலைகளை யூத அறிஞர்கள் 39 வகைகளாகப் பிரித்துள்ளனர். சமைப்பதும் நெருப்பு மூட்டுவதும் அவற்றுள் அடங்கும். வாங்குவதும் விற்பதும் பணத்தைக் கையாள்வதும் அந்நாளில் விலக்கப்பட்டவை. ஆகவே அவர்கள் வெள்ளிக்கிழமையே சமைத்து, சூடு ஆறாமல் இரவெல்லாம் வைத்திருந்து மறுநாள் உண்பர். பாக்தாத் யூதர்கள் அரிசியும் கோழியும் சேர்த்து, மெல்லிய நெருப்பில் இரவு முழுதும் விட்டு வைக்கும் சோற்றுக்குத் 'தபீத்' என்று பெயர். நம் வீட்டுப் பெண்கள் தம் போடுவதை அறிந்தவர்களுக்கு அதன் பக்குவம் சொல்லாமலே விளங்கும்.

அட்வெண்டிஸ்டுகள் நெருப்பு விஷயத்தில் இவ்வளவு இறுக்கமாக இல்லை. அவர்களுடைய வழிகாட்டியான எல்லன் வைட் அம்மையார், சபாத்தில் சமையல் வேண்டாம், ஆனால் உணவை ஆறிப்போனதாகவே உண்ண வேண்டிய கட்டாயமும் இல்லை என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். வெள்ளிக்கிழமையை அவர்கள் 'ஆயத்த நாள்' என்பர். என் மளிகைக் கடையில் வெள்ளி மாலைக்குள் வாரச் சாமான்களை எடுத்து முடிக்கும் குடும்பம் ஒன்று உண்டு. ஒரு தீப்பெட்டி மறந்து போனாலும் சனிக்கிழமை இரவு வரை வாங்க வரமாட்டார்கள்.

வீட்டுச் சமையலுக்குரிய சட்டம் இப்படியிருக்க, வெளியே போய் உண்பதில்தான் பிணக்கு வருகிறது.

கூடாது என்பாரின் வாதம்

கூடாது என்பவர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது நெகேமியாவின் வரலாறு. கி.மு. 5ஆம் நூற்றாண்டில், பாரசீகப் பேரரசின் கீழ் பைத்துல் முகத்தஸ் நகரை நிர்வகித்தவர் அவர். தீரு என்னும் துறைமுகத்து வணிகர்கள் மீனும் பலவகைச் சரக்குகளும் கொண்டுவந்து சபாத் நாளில் யூதர்களிடம் விற்றனர். விற்றவர்கள் யூதர்களல்லர், அவர்களுக்குச் சபாத் கடமையுமல்ல. ஆயினும் நெகேமியா அதைப் பொறுக்கவில்லை. சபாத்துக்கு முந்தைய மாலை இருட்டு முன்னே நகர வாசல்களை அடைக்கச் சொன்னார். வணிகர்கள் ஓரிரு முறை மதிலுக்கு வெளியே இராத்தங்கிப் பார்த்தனர். அவர் எச்சரித்ததும் அந்நாளில் வருவதை நிறுத்திக்கொண்டனர். இதற்கு முன்னரே, சபாத்தில் பிறர் தானியம் கொண்டுவந்தாலும் வாங்கமாட்டோம் என்று அம்மக்கள் உடன்படிக்கை எழுதியிருந்தனர். ஆகவே விற்பவன் யாராக இருந்தாலும் வாங்குவதே குற்றம். சாப்பாட்டுக் கடையில் காசு கொடுத்து உண்பதும் வாங்குவதே. இது அவர்களுடைய முதல் வாதம்.

இரண்டாவது வாதம் அந்தப் பட்டியலிலிருந்து எழுகிறது. நான் நாற்காலியில் அமர்ந்து கைகட்டிக் காத்திருக்கையில் சமையற்காரன் நெருப்பருகே வேகிறான், பரிமாறுபவன் ஓடுகிறான், தட்டுக் கழுவுபவன் ஈரத்தில் நிற்கிறான். அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர்கள் என் வேலைக்காரர்களே. என் வேலைக்காரனுக்கும் ஓய்வு உண்டு என்ற கட்டளையை, வேறொருவனுடைய வேலைக்காரனை வாடகைக்கு எடுத்து ஏமாற்றலாமா என்று கேட்கின்றனர்.

ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாகக் கொண்ட பிரஸ்பிட்டேரியன் சபையாரும் இதே வழியில் பேசுகின்றனர். 1647இல் இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டரில் அவர்களுடைய பெரியவர்கள் எழுதி முடித்த பெரிய வினாவிடை நூல், இக்கட்டளை குடும்பத் தலைவர்களையும் மேலதிகாரிகளையும் தனியாகச் சுட்டுவது ஏன் என்று ஆராய்கிறது. அவர்கள் தாமும் பேணி, தம் பொறுப்பில் உள்ளவர்களும் பேணும்படி செய்ய வேண்டியவர்கள்; தம் சொந்த வேலையைக் கொடுத்துப் பிறருடைய ஓய்வைக் கெடுக்கும் வழக்கமும் அவர்களிடமே மிகுதி என்று அது காரணம் கூறுகிறது. ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் எழுதியவர்கள் நம் கடைத்தெருவைக் கண்டுவிட்டு எழுதியது போல இருக்கிறது!

இதைக் கடைப்பிடித்து வியாபாரம் செய்தவரும் உண்டு. அமெரிக்காவில் ட்ரூயெட் கேதி என்பவர் 1946இல் ஒரு சிறு உணவகம் திறந்தார். ஞாயிறன்று அடைத்தே வைத்தார். அவர் பின்னர் நிறுவிய சிக்-ஃபில்-ஏ என்னும் கோழி உணவகம் நாடெங்கும் கிளை விரித்த பின்னரும், 2014இல் அவர் இறந்த பின்னரும், ஞாயிற்றுக்கிழமை அடைப்பு மாறவில்லை.

ஆகும் என்பாரின் வாதம்

மறுபக்கத்தாரும் வேதத்தை விட்டு விலகிய வீணர்களல்லர். ஈஸா (அலை) அவர்களின் சீடர்கள் பசியால் சபாத்தில் கதிர் கொய்து தின்றபோது குறை கூறியவர்களுக்கு, மனிதனுக்காகவே சபாத், சபாத்துக்காக மனிதன் அல்லன் என்ற கருத்தில் அவர்கள் விடையளித்ததாக இன்ஜீலின் மாற்குப் பகுதி கூறுகிறது. சபாத்தில் ஒரு பெரிய மனிதர் வீட்டு விருந்துக்கு அவர்கள் சென்றதை லூக்கா கூறுகிறது. இவற்றைக் கொண்டு, பிறர் கையால் உண்பதே குற்றமாகாது என்கின்றனர்.

அதன்மேல் நான்கு நியாயங்கள் சொல்கின்றனர். ஒன்று, நான் போனாலும் போகாவிட்டாலும் கடை திறந்தே இருக்கும். இரண்டு, பரிமாறுபவன் என் வேலையாளல்லன். அவன் மார்க்கம் வேறு, அவனுடைய ஓய்வு நாளும் வேறு. மூன்று, வீட்டில் உண்டால் மனைவிக்கல்லவா வேலை? அவளுக்கு ஓய்வு வேண்டாமா? நான்கு, பிரயாணியும் தனியாளும் என்ன செய்வார்கள்? நோயாளிக்கு மருத்துவமனை வேலை செய்யலாமெனில், பசித்தவனுக்குச் சமையற்கூடம் வேலை செய்யக்கூடாதா?

இந்த நான்காவது நியாயத்தைக் கண்டிப்பானவர்களும் ஓரளவு ஏற்கின்றனர். அவசியத்துக்கும் இரக்கத்துக்கும் உரிய வேலைகளை வெஸ்ட்மின்ஸ்டர் பெரியவர்களே விலக்கி வைத்துள்ளனர். அட்வெண்டிஸ்டு மருத்துவமனைகளில் சனிக்கிழமையும் நோயாளியைக் கவனிக்கிறார்கள். பிணக்கெல்லாம், வீட்டில் ஆக்கி வைத்த சோறு இருக்க, வேடிக்கைக்காகப் போய் உண்பவனைப் பற்றியது.

யூதர் கண்ட நடுவழி

மார்க்கத்தைப் பேணும் யூதர்கள் சபாத்தில் காசு கொடுத்து உண்பதில்லை. அதில் அவர்களிடையே விவாதமே இல்லை. ஆனால் வெளியூரில் தங்கியவர்கள், வெள்ளிக்கிழமை பகலிலேயே பணம் கட்டிவிட்டு, முன்னரே சமைத்துச் சூடாக வைத்த உணவைச் சபாத்தில் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு பல ஊர்களில் இருக்கிறது. அந்நாளில் ஏட்டில் எழுதுவதில்லை; காசு கைமாறுவதில்லை; அடுப்பு புதிதாக மூட்டப்படுவதில்லை. அவர்களுள் சீர்திருத்தப் பிரிவினரோ இவற்றை ஒவ்வொருவருடைய முடிவுக்கு விட்டுவிட்டனர்.

யூதனல்லாதவனை அழைத்து வேலை வாங்கிக்கொள்ளலாமே என்றால், அதையும் அவர்களுடைய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. மூஸா இப்னு மைமூன் என்ற பெரிய அறிஞர் 1204இல் மிஸ்ரு நாட்டில் மறைந்தவர். சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபியின் அரசவையோடு தொடர்புடைய மருத்துவர். அரபு மொழியிலும் நூல்கள் எழுதியவர். மற்றவனை ஏவி வேலை வாங்கினால் சபாத் மக்களுடைய கண்ணில் இலேசாகிப் போகும், முடிவில் தாமே அவ்வேலையைச் செய்யத் துணிவார்கள் என்பது அத்தடைக்கு அவர் கூறும் காரணம்.

இங்கே நமக்குக் கடலோர ஊராரின் வரலாறு நினைவுக்கு வரும். சபாத்தில் மீன் பிடிக்கக்கூடாதெனத் தடுக்கப்பட்ட அவர்கள் வரம்பு மீறியதைத் திருக்குர்ஆன் 7ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. முதல் நாளே வலையிட்டு, மீன் விழுந்த பின் மறுநாள் எடுத்துக்கொண்டார்கள் என்று முஃபஸ்ஸிர்கள் விரிக்கின்றனர். முன்பணம் கட்டி உண்பதும் அந்த வலையைப் போன்றதுதானே என்று நம்மில் ஒருவர் கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடலோர ஊரார் ஆதாயம் ஒன்றையும் விடவில்லை. பெயருக்கு ஓய்வு, உண்மையில் வேட்டை. முன்பணம் கட்டியவனோ விற்பனையையும் நெருப்பையும் உண்மையாகவே முதல் நாளோடு முடித்துவிட்டான். ஒரு ஏற்பாடு தந்திரமா, பேணுதலா என்பதை, அதனால் எதை நாம் உண்மையில் விட்டுக்கொடுத்தோம் என்று கேட்டே அறிய வேண்டும்.

கடைக்காரன் கண்ணில்

இனி இவ்வாதங்களை நம் தராசில் போட்டுப் பார்ப்போம். நான் ஆலிமல்லன், மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்து, மீதியைக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று கற்றவன். ஆயினும் இந்த விவாதத்தில் கடைக்காரனுக்குத் தெரிந்தது சில உண்டு.

"நான் போகாவிட்டாலும் கடை திறந்தே இருக்கும்" என்ற நியாயம் கடைக்காரனிடம் செல்லாது. எந்தக் கடையும் தானாகத் திறப்பதில்லை. ஆள் வருவதால் திறக்கிறது. ஒரு வாடிக்கையாளர் வராவிட்டால் அன்றைக்குக் கணக்கில் தெரியாது என்பது மெய்யே. ஆனால் ஒவ்வொருவரும் "நான் ஒருவன்தானே" என்று வந்ததால்தானே நூறு பேர் சேர்ந்தார்கள்? சில்லறை சில்லறையாகச் சேர்ந்த கல்லாவை, எந்தச் சில்லறையும் நிரப்பவில்லை என்று கூற முடியுமா? நெகேமியா வாசலை அடைத்ததும் தீரு வணிகர்கள் வருவதை நிறுத்தினர். வாங்குவோர் இல்லாத சந்தைக்கு எந்த வியாபாரியும் மூட்டை சுமக்கமாட்டான்.

"அவன் என் வேலையாளல்லன்" என்ற நியாயத்துக்குக் கொஞ்சம் எடை உண்டு. பட்டியலில் உள்ள வேலைக்காரன், எசமான் கட்டளையிட்டால் மறுக்க முடியாதவன். சாப்பாட்டுக் கடைச் சிப்பந்திக்கு வேறு நாளில் ஓய்வு இருந்து, அவன் விருப்பத்தோடு வேலைக்கு வந்திருந்தால், என் ஓய்வை அவன்மேல் சுமத்த எனக்கு என்ன அதிகாரம்? அவனுடைய அன்றாடக் கூலி போகுமே! கண்டிப்பானவர்கள் இதைப் போதிய அளவு நினைப்பதில்லை.

ஓய்வைப் பிறர்மேல் சுமத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் வழக்கொன்று சாட்சி. பிலடெல்பியா நகரத்து யூத வியாபாரிகள் சிலர் துணிக்கடையும் வீட்டுச் சாமான் கடையும் நடத்தினர். மார்க்கத்துக்காகச் சனிக்கிழமை அடைத்தனர். நாட்டுச் சட்டமோ ஞாயிற்றுக்கிழமையும் அடைக்கச் சொன்னது. மற்றவருக்கு ஒரு நாள் நட்டம். இவர்களுக்கு இரண்டு நாள். அவர்கள் உயர்மன்றம் வரை போய் வாதாடினர். 1961இல் 6 நீதிபதிகள் அவர்களுக்கு எதிராகவும், 3 பேர் வேறாகவும் கூறவே, வழக்குத் தோற்றது. பெரும்பான்மையோரின் ஓய்வு சிறுபான்மையோருக்குத் தண்டனையாக மாறிய கதை இது.

இரண்டே ஆண்டில், 1963இல், அதே மன்றத்துக்கு ஒரு தொழிலாளியின் வழக்கு வந்தது. தென் கரோலினாவில் நெசவாலையில் வேலை பார்த்த அடெல் ஷெர்பர்ட் என்ற அட்வெண்டிஸ்டு மாது சனிக்கிழமை வேலைக்கு வர மறுத்ததால் வேலையை இழந்தார். வேலையற்றோருக்குரிய உதவித் தொகையையும் அரசு மறுத்தது. அவர் பக்கம் நியாயம் இருப்பதாக மன்றம் தீர்ப்பளித்தது. முன்னதில் வாதாடியவர்கள் கடைக்காரர்கள். பின்னதில் வாதாடியவர் கூலிக்காரி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழு உண்மை தெரியும். ஓய்வு நாள் என்பது அவரவர் மார்க்கத்துக்குரிய உரிமை. அதைப் பிறன்மேல் திணிக்கவும் கூடாது. பிறனிடமிருந்து பறிக்கவும் கூடாது.

"மனைவிக்கு ஓய்வு வேண்டாமா?" என்ற நியாயத்துக்கு, முதல் நாளே சமைத்துவிடலாம் என்பது கண்டிப்பானவர்களின் விடை. அந்த முதல் நாளில் இரண்டு நாள் சமையலைச் செய்பவள் யார் என்று நாம் திருப்பிக் கேட்கலாம். ஓய்வு எங்கேயும் இலவசமாகக் கிடைப்பதில்லை. அதன் விலையை யாரோ ஒருவர் முன்னரோ பின்னரோ கொடுக்கிறார். அந்த விலையை எப்போதும் ஒரே ஆள் கொடுக்கிறாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே இவ்விவாதத்தில் என் சிற்றறிவுக்குப் பட்டது இதுதான். கடைக்குப் போய் உண்டவன் பாவியா அல்லனா என்று வெளியிலிருந்து ஒரே சொல்லில் தீர்க்க முடியாது. ஆனால் உண்பவன் ஒன்றைத் தன்னிடம் கேட்டுக்கொண்டாக வேண்டும்: "எனக்குப் பரிமாறும் இந்த மனிதனுக்கு அவனுடைய இறைவனுக்கும் அவனுடைய உடம்புக்கும் உரிய நேரம் கிடைக்கிறதா?" கிடைக்கவில்லையென அறிந்தும் உண்டால், தன் பங்கைத் தட்டிக்கழிக்க முடியாது.

நம் பக்கம்

இனி நம் வாசலுக்கு வருவோம். வெள்ளிக்கிழமை நமக்கு ஓய்வு நாளல்ல. ஜும்ஆவுக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிட்டு விரைந்து வாருங்கள் என்பதும், தொழுகை முடிந்ததும் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள் என்பதும் 62ஆம் அத்தியாயத்தின் போதனை. நம்மிடம் கேட்கப்படுவது முழு நாளல்ல, சிறிது நேரமே. அந்தச் சிறிது நேரத்தின் எல்லை எது என்பதில் இமாம்களிடையே வேற்றுமை உண்டு. முதல் பாங்கு தொட்டே வியாபாரத்தை விட வேண்டும் என்பது ஹனபி மத்ஹபு. கதீபு மிம்பரில் அமர்ந்த பின் சொல்லப்படும் பாங்கிலிருந்து அது ஹராமாகும் என்பது ஷாபிஈ மத்ஹபு.

இங்கே நம்முடைய புகஹாக்கள் ஒரு நுட்பமான மஸ்அலாவைப் பேசியுள்ளனர். ஜும்ஆ கடமையான ஒருவனும் கடமையில்லாத ஒருவனும் அந்த நேரத்தில் கொடுக்கல் வாங்கல் செய்தால் குற்றம் யார்மேல்? இருவர்மேலும் என்பதே ஷாபிஈ மத்ஹபின் வலுவான சொல் என இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் எழுதியுள்ளனர். கடமையானவன் கடமையை விட்டான். கடமையில்லாதவன் அதற்குத் துணை நின்றான். பாருங்கள்! சபாத்காரர்கள் சாப்பாட்டுக் கடை வாசலில் நின்று வாதாடும் அதே கேள்விக்கு நம் கிதாபுகளில் விடை எழுதி வைத்திருக்கிறது. பிறனுடைய கடமை தவறுவதற்கு நான் காரணமானால் எனக்கும் பங்குண்டு. இதன் நுணுக்கங்களை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விற்கிறவனுக்கு இவ்வளவு என்றால், வேலை வாங்குகிறவனுக்கு எவ்வளவு? நம் சாப்பாட்டுக் கடைகளில் வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு நடப்பதை நாம் அறிவோம். முதலாளி வெள்ளைச் சட்டை, தொப்பியோடு, அத்தர் மணக்க முதல் வரிசைக்குப் போய்விடுகிறார். ரொட்டி போடுகிறவரும் தேநீர் கலக்குகிறவரும் ஆணம் அள்ளிப் போடுகிறவரும், பிற மதத்து வாடிக்கையாளர்களுக்காகக் கடையிலேயே நிற்கிறார்கள். அவர்களும் கலிமாச் சொன்னவர்கள். ஜும்ஆ அவர்களுக்கும் கடமை. பலர் தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்தவர்கள். முதலாளி முகம் கோணினால் ஊருக்குப் போக வேண்டியவர்கள். அப்படிப்பட்டவன் வாய் திறந்து கேட்பானா? எல்லாக் கடையும் இப்படியென நான் கூறவில்லை. வாசலில் "ஜும்ஆவுக்காக அடைக்கப்பட்டுள்ளது" என்று அட்டை தொங்கவிடும் கடைகளை நானே அறிவேன். அவர்களுக்கு அல்லாஹ் பரக்கத்துச் செய்வானாக!

"மதிய வியாபாரம்தானே எங்களுக்கு உயிர்" என்று சகோதரர்கள் சொல்வது பொய்யல்ல. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 14 மணி நேரம் திறக்கும் கடை, வாரத்தில் 98 மணி நேரம் திறந்திருக்கிறது. ஒன்றரை மணி நேரம் அடைப்பது நூற்றில் ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு. அது மிகவும் பலத்த நேரம் என்பதால் நட்டம் மூன்று மடங்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் நூற்றில் ஐந்தைத் தாண்டாது. ஜும்ஆ கடமையில்லாதவர்களை அந்நேரம் கடையில் வைக்க முடிந்தவர்களுக்கு அதுவும் குறையும். சபாத்துக்காக ஏழில் ஒரு நாளை முழுதாக விட்ட யூத வியாபாரியின் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் மார்க்கம் நம்மிடம் கேட்டது எவ்வளவு சொற்பம் என்று புலப்படும்.

வார ஓய்வு நாளும் இதோடு சேர்ந்ததே. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டமும், சிங்கப்பூரின் 1968ஆம் ஆண்டு வேலைச் சட்டமும் தொழிலாளிக்கு வாரம் ஒரு முழு நாள் ஓய்வு என்று கூறுகின்றன. அந்நாள் மார்க்கச் சபாத்தல்ல. ஆயினும் அது நாம் கொடுத்த ஒப்பந்தம். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்பது அல்லாஹ்வின் கட்டளையல்லவா? நம் கடையில் வேலை செய்பவனுக்கு அந்த நாள் காகிதத்தில் மட்டும் இருக்கிறதா, கையிலும் கிடைக்கிறதா என்று ஒவ்வொரு முதலாளியும் இன்றிரவு கணக்கை முடிக்கும்போது எண்ணிப் பார்க்கட்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையொன்று புகாரீயில் வருகிறது. பணியாளன் உணவைச் சமைத்துக் கொண்டுவந்தால், அவனை உடன் அமர்த்தி உண்ணச் செய்யுங்கள். இயலாவிட்டால் ஓரிரு கவளமாவது அவனுக்குக் கொடுங்கள். ஏனெனில் அடுப்பின் வெக்கையைத் தாங்கியவன் அவனே என்பது அதன் கருத்து. சாப்பாட்டுக் கடைக்காரர் ஒவ்வொருவரும் மனத்தில் பதிக்க வேண்டிய போதனை இது. வெக்கையைத் தாங்கியவனுக்குச் சோற்றில் பங்கு உண்டெனில், தொழுகையிலும் ஓய்விலும் பங்கு இல்லாமற் போகுமா?

பிறருடைய விவாதத்தைக் கண்டு நகைப்பது எளிது. அதில் நமக்குரிய பாடத்தைப் படித்துக்கொள்வதே புத்தி. அவர்கள் கடைக்குள் நுழையுமுன் அடுப்படியில் நிற்பவனை நினைக்கிறார்கள். நாம் பள்ளிக்குள் நுழையுமுன் அவனை நினைக்க வேண்டும். வரும் வெள்ளிக்கிழமை நம் கடைப் பிள்ளைகளும் நம்மோடு ஸஃப்பில் நிற்க வல்ல நாயன் அருள் புரிவானாக! நம் வியாபாரத்தில் ஹலாலான பரக்கத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.